இணைப்பின் இரகசியம் அறிந்த அச்சுத் தொழிலாளி

ஆறாம் படிவத்தில் இயற்பியல் பயின்றவர்கள் மின்தேக்கிக் கணக்குகளை மறந்திருக்க மாட்டார்கள். பக்க இணைப்பு என்றால் தேக்குதிறன்களை அப்படியே கூட்டு. தொடரிணைப்பு என்றால் தலைகீழாக்கிக் கூட்டு. மின்தடைக்கு ஒரு விதி, மின்தேக்கிக்கு அதற்கு நேர்மாறான விதி எனத் தேர்வு மண்டபத்தில் குழம்பியவர்கள் நம்மில் பலர். இவ்விருவகை இணைப்புகளையும் ஒரே கருவியில் அமைத்துப் பார்த்த முன்னோடி, இரண்டே ஆண்டுகள் பள்ளிக்குச் சென்ற ஓர் அச்சுத் தொழிலாளி என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்தாம் பெஞ்சமின் பிராங்க்ளின்.

1706 ஜனவரி 17ஆம் நாள் போஸ்டன் நகரில், சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவரின் 17 பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். வறுமை படிப்பைப் பாதியில் நிறுத்தியது. 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை பழகச் சேர்ந்தார். அண்ணனின் கண்டிப்பு தாளாமல் 1723இல் ஊரைவிட்டு ஓடி, பிலடெல்பியாவை அடைந்தார்.

தம்மிடம் இல்லாத கல்வியைக் கூட்டுறவால் பெற முனைந்தார் பிராங்க்ளின். 1727இல் நண்பர்களைத் திரட்டி, வாரந்தோறும் கூடி விவாதிக்கும் கழகம் ஒன்றைத் தொடங்கினார். 1731இல் 50 பேர் ஆளுக்கு 40 ஷில்லிங் போட்டு ஒரு நூலகத்தை உருவாக்கினர். தனியொருவரால் வாங்க இயலாத நூல்கள் அனைவருக்கும் கிட்டின. அந்த நூலகத்திற்கு இலண்டனிலிருந்து பீட்டர் காலின்சன் என்பவர் அனுப்பிய ஒரு கண்ணாடிக் குழாயே பிராங்க்ளினை மின்னியலுக்குள் இழுத்தது.

அக்காலத்தில் ஐரோப்பாவைப் பரபரப்பில் ஆழ்த்தியிருந்தது லெய்டன் சாடி. உள்ளும் புறமும் உலோகம், நடுவில் கண்ணாடி என அமைந்த இதுவே இன்றைய மின்தேக்கிகளின் மூதாதை. சாடிக்குள் மின்சாரம் நீர்போல் நிரம்புகிறது என்றே பலரும் எண்ணினர். பிராங்க்ளின் 1747இல் வேறு விளக்கம் தந்தார். உட்புறம் எவ்வளவு பெறுகிறதோ, வெளிப்புறம் அவ்வளவை இழக்கிறது. மொத்தக் கணக்கு மாறுவதில்லை. நேர், எதிர் என்று நாம் இன்று வழங்கும் பாகுபாடு அவர் தந்ததே.

இந்தத் தெளிவிலிருந்துதான் அடுத்த சிந்தனை பிறந்தது. முதல் சாடியின் வெளிப்புறம் இழக்கும் மின்னூட்டத்தை ஏன் வீணாக்க வேண்டும்? அதை இரண்டாம் சாடியின் உட்புறத்திற்குக் கொடுக்கலாமே! 1748இல் அச்சகப் பொறுப்பைக் கூட்டாளியிடம் விட்டு ஆய்வில் மூழ்கியவர், 1749இல் தமது கருவியைக் கடிதம் வழி விவரித்தார். 11 சன்னல் கண்ணாடிகள். ஒவ்வொன்றின் இருபுறமும் மெல்லிய ஈயத் தகடுகள். மின்னேற்றும்போது ஒன்றன் வெளித்தகடு அடுத்ததன் உள்தகட்டோடு சேரும். இது தொடரிணைப்பு. மின்னிறக்கும்போது ஒருபுறத் தகடுகள் யாவும் ஒரு கம்பியோடும், மறுபுறத் தகடுகள் யாவும் இன்னொரு கம்பியோடும் சேரும். இது பக்க இணைப்பு. வரிசையாக நிற்கும் பீரங்கித் தொகுதியைக் குறித்த பேட்டரி என்ற சொல்லையே அக்கருவிக்குச் சூட்டினார்.

ஒரு கண்ணாடிக்குச் செலவிடும் உழைப்பிலேயே பதினொன்றையும் நிரப்பலாம் என்று அவர் நம்பினார். இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. தொடரிணைப்பில் எல்லா மின்தேக்கிகளும் ஒரே அளவு மின்னூட்டம் பெறுகின்றன என்பது உண்மையே. ஆனால், மின்னழுத்தம் அவற்றிடையே பங்கிடப்படுகிறது. பதினொன்றும் முழுமையாக நிரம்ப 11 மடங்கு அழுத்தம் தேவை. அழுத்தத்தைக் கூட்டாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் பதினொன்றில் ஒரு பங்கே கிட்டும். ஆகவேதான் தொடரில் மொத்தத் தேக்குதிறன் குறைகிறது. கண்ணாடியின் தடிமன் கூடியதற்கு ஒப்பாகிறது. பக்க இணைப்பிலோ அழுத்தம் யாவற்றுக்கும் ஒன்றே. தகட்டின் பரப்பு கூடுவதால் தேக்குதிறனும் கூடுகிறது. 10 மைக்ரோபாரட் மின்தேக்கிகள் இரண்டு பக்க இணைப்பில் 20 ஆகும். தொடரில் 5 ஆகும். மின்னூட்டத்தையும் அழுத்தத்தையும் பிரித்தறியும் கணக்கு அன்று வளர்ந்திருக்கவில்லை. பின்னாளில், 1924இல், எர்வின் மார்க்ஸ் என்ற ஜெர்மானியர் இம்முறையைத் திருப்பிப் போட்டார். பக்க இணைப்பில் ஏற்றித் தொடரில் இறக்கி, மிக உயர்ந்த அழுத்தத்தை உண்டாக்கினார்.

இணைப்பின் வலிமையைப் பிராங்க்ளின் தம் உடலாலும் அறிந்தார். 1750 டிசம்பர் 23ஆம் நாள், இரண்டு பெரிய சாடிகளைக் கொண்டு வான்கோழி ஒன்றைக் கொல்ல முயன்றார். அவ்விரண்டும் 40 சிறு சாடிகளுக்கு நிகரானவை. மேற்கம்பிகளை ஒரு கையும், வெளிப்புறச் சங்கிலியை மறு கையும் தீண்டிவிட, மின்சாரம் முழுவதும் அவர் உடல்வழி பாய்ந்தது. சூழ நின்றோர் கண்ட ஒளியையும் கேட்ட வெடியோசையையும் அவர் உணரவே இல்லை, நினைவிழந்தார். இரண்டு நாள் கழித்துத் தம் தவற்றை வெட்கத்தோடு கடிதத்தில் எழுதினார். ஆய்வில் ஈடுபட்டிருந்த மற்றொரு நண்பருக்கும் அதை எச்சரிக்கையாகத் தெரிவிக்கச் சொன்னார்.

1752இன் பட்டம் விடும் சோதனையை உலகறியும். அரசியலிலும் இணைப்பையே அவர் நாடினார். 1754இல் எட்டுத் துண்டாய்க் கிடக்கும் பாம்பின் படத்தைத் தம் இதழில் வெளியிட்டு, பிரிந்து நின்ற குடியேற்றங்கள் ஒன்றுபட வேண்டுமென உணர்த்தினார். 1776இல் விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். ஆனால், மன்னர் பக்கம் நின்ற மகன் வில்லியத்தோடு அறுந்த உறவு கடைசிவரை இணையவே இல்லை. அடிமைகளை வைத்திருந்த களங்கமும் அவருக்குண்டு. எனினும், 1787இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அதற்காக நாடாளுமன்றத்திற்கு மனுவும் அனுப்பினார். அவ்வாண்டு ஏப்ரல் 17இல், 84ஆம் வயதில் மறைந்தார்.

அந்தப் 11 கண்ணாடிகளும் மாறவில்லை. இணைத்த முறைதான் மாறியது. அதற்கேற்ப அவற்றின் ஆற்றல் வெளிப்பாடும் மாறியது. 50 பேரின் ஷில்லிங்குகளை ஒரு நூலகமாக்கிய மனிதருக்கு இவ்வுண்மை ஆய்வுக்கூடத்தில் புதிதாகத் தோன்றியிராது. அடுத்த முறை அந்த இரு சூத்திரங்களையும் எழுதும்போது, தாம் பெற்ற அடியையும் பிறருக்குப் பாடமாக்கிய அந்த அச்சுத் தொழிலாளியை ஒரு கணம் நினைத்துக்கொள்வோம்.