நாடு போச்சு, நூலகம் நின்னுச்சு: யார் இந்த இரண்டாம் சரபோஜி?

பழைய காமிக்ஸ், ஸ்கூல் புத்தகம், கல்யாணப் பத்திரிகை... எதையும் பழைய பேப்பர் கடைக்குப் போட மனசு வராத ஆளா நீங்க? உங்களுக்கு ஒரு சீனியர் தஞ்சாவூரில் இருந்தார்.

1777-ல் பிறந்த சரபோஜியை, 10 வயதில் தத்தெடுத்தார் தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா. அவர் இறந்ததும் அரியணைக்குத் தகராறு. சிறுவன் மெட்ராஸ் போய்ப் படிக்க வழிசெய்தவர் ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ். 1798-ல் பட்டம் கிடைத்தது. அடுத்த வருஷமே ஒப்பந்தம்! காவிரி பாயும் நெல்வயல் சீமை முழுக்க கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போனது. மன்னருக்கு மிஞ்சியது கோட்டையும் பென்ஷனும்தான்.

அப்புறம் என்ன செய்தார்? புத்தகம் சேர்த்தார். நாயக்கர் காலத்து அரண்மனை நூலகத்துக்கு ஐரோப்பியப் புத்தகங்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்தார். பலவற்றில் ஆங்கிலத்தில் கையெழுத்தும் போட்டார் (நாம பேர் எழுதி வைக்கிற மாதிரியேதான்). 1820-ல் கிளம்பிய காசி யாத்திரையிலும் சுவடி வேட்டை நிற்கவில்லை.

இதில் செம விஷயம், ஒரு குழந்தைகள் புத்தகம். கோட்டைக்குள் தேவநாகரி அச்சுக்கூடம் வைத்து, ஈசாப் கதைகளை மராத்தியில் மொழிபெயர்க்கச் செய்து 1806-ல் அச்சிட்டார்கள். மராத்தியில் அச்சான ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்று, நம்ம தஞ்சாவூர் தயாரிப்பு!

சரபோஜி 1832-ல் இறந்தார். 1855-ல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறக்க, மிச்சமிருந்த கோட்டையும் கம்பெனிக்குப் போனது. புத்தகங்கள் சிதறவில்லை. 1918-ல் அது பொது நூலகமானது. பெரிய கோயில் போனால், அரண்மனை வளாகத்தில் சரஸ்வதி மகாலையும் எட்டிப் பாருங்க.