நெய்யாற்றில் எடுத்த கல்

அகத்தியர் மலையில் தோன்றி நெய்யாற்றின்கரை வழியே பாயும் நெய்யாற்றை நீங்கள் நன்கு அறிவீர்கள். அவ்வாற்றங்கரையில் அமைந்த சிற்றூர் அருவிப்புறம். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் இளந்துறவி ஒருவர் அங்குள்ள ஆழமான மடுவில் மூழ்கி, ஒரு கல்லுடன் எழுந்தார். அதனைக் கரையிலிருந்த பாறைமீது சிவலிங்கமாக நிறுவினார். அவரே நாராயண குரு.

ஒரு கல்லை நிறுவியதில் வியப்பு என்ன? அக்காலத் திருவிதாங்கூரில் ஈழவர் முதலிய பல சமூகத்தார் பெருங்கோயில்களுள் நுழைய இயலாது. சில பொதுவழிகளில் நடக்கவும் தடை இருந்தது. தெய்வத்தை நிறுவும் உரிமை ஒரு பிரிவினருக்கே உரியது எனக் கருதப்பட்டது. ஈழவர் குலத்தில் பிறந்த குருவை நோக்கி, இவ்வுரிமையை அவருக்கு அளித்தவர் யார் எனச் சிலர் வினவினர். அவர் சினங்கொள்ளவில்லை. தாம் நிறுவியது ஈழவர்களின் சிவனையே என்று அமைதியாக விடையளித்தார். அவ்விடையில் புன்னகையும் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சுமந்த வலியும் உண்டு. ஆயினும், அங்கு அவர் அமைத்த இடம் ஒரு குலத்தாருக்கு மட்டும் உரியதாகவில்லை. சாதி, மத வேறுபாடின்றி அனைவரும் உடன்பிறந்தார்போல் வாழும் இடமாக அது விளங்கவேண்டும் என்பதை அங்கேயே எழுதிவைத்தார். தம்மை விலக்கியவர்களைத் தாம் விலக்காமல் இருப்பது எளிதன்று!

குரு திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில், ஆவணி மாதச் சதய நாளில் பிறந்தார். கேரளத்தில் அந்நாளுக்கு விடுமுறை விடப்படுவது இதனால்தான். வடமொழியோடு தமிழையும் ஆழ்ந்து கற்றார். அவருக்கு யோகம் பயிற்றிய தைக்காடு ஐயாவு சுவாமிகள் தமிழர். களியக்காவிளையைக் கடந்து, நாகர்கோவிலுக்கும் அப்பால் உள்ள மருந்துவாழ்மலைக் குகையில் குரு தனித்திருந்து தவம் செய்தார். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடினார். திருக்குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தார். எல்லைக்கு இப்பால் வாழ்ந்து இரு மொழிகளையும் பேசும் உங்களுக்கு அவர் அயலவர் அல்லர்.

அவரது அருள் மனிதரோடு நிற்கவில்லை. கோயில்களில் உயிர்ப்பலி இடும் வழக்கத்தைக் கைவிடுமாறு மக்களிடம் எடுத்துரைத்தார். எறும்புக்கும் துன்பம் நேராத கருணை தமக்கு வாய்க்கவேண்டும் என வேண்டி, 'அனுகம்பா தசகம்' என்னும் பத்துப் பாடல்களை இயற்றினார். 1924இல் ஆலுவாவில் சர்வமத மாநாட்டைக் கூட்டினார். வாதிட்டு வெல்வதற்கன்று, ஒருவரையொருவர் அறிவதற்கே அம்மாநாடு என முன்னரே தெளிவுபடுத்தினார். 1927இல் களவங்கோட்டில் தெய்வ உருவத்திற்குப் பதிலாகக் கண்ணாடி ஒன்றை நிறுவினார். வழிபட வந்தவர் தம் முகத்தையே அங்குக் கண்டனர். அருவிப்புறத்தில் ஆற்றுக் கல், களவங்கோட்டில் கண்ணாடி. இவற்றுக்கு இடைப்பட்ட ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அவர் நடந்த தொலைவை எண்ணிப் பாருங்கள்.

இறுதிக் காலத்தில் நோய் அவரை வருத்தியது. 1928 செப்டம்பர் 20 அன்று வர்க்கலைச் சிவகிரியில் அவர் மறைந்தார். திருவிதாங்கூர் அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடும் ஆணை 1936 நவம்பர் 12 அன்று வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை. ஆனால் நெய்யாற்றங்கரைக் கோயிலில் எல்லாரும் வழிபடத் தொடங்கி அப்போதே 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.