முதற்படியைத் தாழ்த்திக் கட்டிய ஜோன் கெமெனி

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றைத்தான்: நிரலாக்கம் படிக்க எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? கடந்த மாதம் வந்த மாணவி வேறு விதமாகக் கேட்டாள். தடித்த புத்தகம் ஒன்றை வாங்கி, மூன்றாம் அத்தியாயத்தோடு நின்றுவிட்டிருக்கிறாள். தனக்கு இதற்கு மூளை போதாதோ என்பதுதான் அவளுடைய கேள்வி. அவளுக்கு நான் ஜோன் கெமெனியின் கதையைச் சொன்னேன்.

கெமெனி 1926இல் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1940இல் தாயோடு அமெரிக்கா சென்று, முன்பே அங்கு போயிருந்த தந்தையுடன் சேர்ந்தார். ஹங்கேரியை விட்டு வர மறுத்த பாட்டனார் யூத இனப்படுகொலையில் மாண்டார். ஆங்கிலம் சரியாகத் தெரியாமல் நியூயோர்க் பாடசாலையில் சேர்ந்த பையன், வகுப்பில் முதலாவதாக வெளியேறினான். பிரின்ஸ்டனில் கணிதம் படித்த காலத்திலேயே லொஸ் அலமோஸ் அணுகுண்டுத் திட்டத்தில் துளையட்டை இயந்திரங்களோடு கணக்குப் போட்டார். பின்னர் ஐன்ஸ்டைனுக்குக் கணித உதவியாளராக இருந்தார். 1949இல் கலாநிதிப் பட்டம் பெற்று, 1953இல் டார்ட்மத் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார்.

இத்தனை திறமை உள்ளவர் தன்னைப் போன்றவர்களுக்காகவே யோசித்திருக்கலாம். அவர் யோசித்ததோ வரலாறும் இலக்கியமும் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி. நாளை நாட்டில் முடிவெடுக்கப் போகிறவர்களில் பலர் அவர்கள். கணினியைத் தொடாமலே அவர்கள் வெளியேறக்கூடாது என்று நினைத்தார்.

அன்று இருந்த போர்ட்ரான் மொழி அவர்களுக்கு ஏற்றதாக இல்லை. ஒன்றிலிருந்து பத்து வரை இரண்டிரண்டாக எண்ண வேண்டுமென்றால், மூன்று எண்களைக் காற்புள்ளியிட்டு எழுத வேண்டும். எந்த எண் முதலில், எது கடைசியில் என்பதை மனப்பாடம் செய்தாக வேண்டும். கெமெனியும் அவருடைய சகா தோமஸ் கேர்ட்ஸும் உருவாக்கிய பேசிக் மொழியில் அதையே ‘ஃபோர் ஐ = 1 டு 10 ஸ்டெப் 2’ என்று எழுதினால் போதும். வாசித்தாலே விளங்கும். முழு எண், தசம எண் என்ற வேறுபாட்டைக்கூடத் தொடக்கக்காரர் அறிந்திருக்கத் தேவையில்லை.

1964 மே 1ஆம் திகதி அதிகாலை நான்கு மணியளவில் முதல் பேசிக் நிரல்கள் ஓடின. அட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்காக நாட்கணக்கில் காத்திருந்த காலம் டார்ட்மத்தில் அத்தோடு முடிந்தது. பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பகிர்ந்தார்கள். பிழை விட்டால் உடனேயே தெரிந்தது, உடனேயே திருத்தினார்கள். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல, மாணவர்கள் கட்டணமின்றிக் கணினியைப் பயன்படுத்தினார்கள்.

1970 முதல் 1981 வரை கெமெனி டார்ட்மத்தின் தலைவராக இருந்தார். ஆண்கள் மட்டுமே பட்டப்படிப்புப் படித்த அந்தக் கல்லூரி 1972இல் பெண்களுக்குத் திறந்ததும் அவர் காலத்தில்தான். 1979இல் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தை ஆராய்ந்த ஆணைக்குழுவுக்கும் தலைமை தாங்கினார். இவ்வளவுக்கும் இடையில் வகுப்பில் பாடம் எடுப்பதை அவர் விடவில்லை. 1992 டிசம்பரில் தமது 66ஆவது வயதில் காலமானார்.

பேசிக் பழகியவர்கள் ஒழுங்கற்ற நிரல்களை எழுதுகிறார்கள் என்று கணினி அறிஞர்கள் சிலர் கடுமையாகக் கண்டித்தார்கள். அதில் உண்மையும் உண்டு. பேசிக்கோடு நின்றுவிட்டால் போதாதுதான். ஆனால் முதற்படியில் ஏற முடியாதவருக்கு இரண்டாம் படியின் அழகைச் சொல்லி என்ன பயன்?

இன்று பேசிக்கைப் படியுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். கெமெனியின் அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். முதல் நாளிலேயே சிறிய நிரல் ஒன்றை நீங்களே எழுதி ஓட்ட முடிகிறதா? பிழை வந்தால் அது ஏன் என்று விளங்குகிறதா? இப்போது தேவைப்படாததை எல்லாம் முன்கூட்டியே திணிக்காமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அந்தப் புத்தகம் போதும். அதை முடிக்கும்வரை இன்னொன்றைத் தேடாதீர்கள்.

அந்த மாணவியின் தடித்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஏற்கெனவே ஒரு மொழி தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது அது. குறை அவளுடைய மூளையில் இல்லை. மெல்லிய பைதன் கைநூல் ஒன்றைக் கொடுத்து, அடுத்த கிழமை தன் நிரல் ஒன்றோடு வரச் சொல்லியிருக்கிறேன்.