கணக்கதிகாரி கண்ட ஒளி

நாகலூர்த் தோட்டத்திலே காப்பிச் செடி கவாத்துச் செய்கிற தோழர் ஒருவர் காலில் கத்தி பட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து போடுகிறார், ஆறுகிறது. பத்து நாளில் மீண்டும் சீழ்! ஏன்? கிருமிகள் கூட்டமாகக் கூடி, தாமே சுரந்த பசையால் கூரை வேய்ந்து கோட்டை கட்டிக்கொண்டன. மருந்து உள்ளே எளிதில் எடுபடாது. எந்தக் கிருமி என்றறியச் சீழை எடுத்து வளர்த்துப் பார்க்க இரண்டு மூன்று நாளாகும். தினக்கூலிக்காரருக்கு அது மூன்று நாள் அடுப்பெரியாத கணக்கு. அந்தக் காத்திருப்பைக் குறைக்கும் வழிக்கு வித்திட்டவர் நம் நாட்டவர், சர் சி.வி. இராமன்.

1888 நவம்பர் 7இல் திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1907இல், பதினெட்டே வயதில், கல்கத்தாவில் அரசாங்க நிதித் துறையின் கணக்கதிகாரி. கை நிறையச் சம்பளம்! வேறொருவராயிருந்தால் மாலையில் சாய்வு நாற்காலிதான். இவரோ பௌபஜார் தெருவிலிருந்த விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் கதவைத் தட்டினார். திறந்தவர் அசுதோஷ் டே என்னும் உதவியாளர். பல்கலைக் கழகப் படியை மிதிக்காத அந்த மனிதர்தான் பல்லாண்டுக் காலம் இராமனின் வலக்கை. வரலாறு எழுதுவோர் அவரை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். உழைப்பவன் பெயருக்கு எங்கும் இதே கதிதானே!

பத்தாண்டு, பகலில் கணக்கு, காலை மாலையில் ஆய்வு. 1917இல், குறைந்த சம்பளப் பேராசிரியர் பதவிக்காகப் பெரிய உத்தியோகத்தை உதறினார்.

1921இல் கப்பலிலே வரும்போது மத்திய தரைக்கடலின் நீலம் அவரை இழுத்தது. வானத்தின் நிறமே நீரில் தெரிகிறது என்று மேனாட்டு அறிஞர் கூறியிருந்தார். பெரியவர் சொன்னார் என்பதற்காக நம்பிவிடுவதா? கையிலிருந்த சிறு பட்டகத்தால் சோதித்தார். தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்று கண்டார்.

அந்தத் தேடல் 1928 பிப்ரவரி 28இல் கனிந்தது. உடனிருந்து உழைத்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். திரவத்துக்குள் ஒரே நிற ஒளியைச் செலுத்தினார்கள். வெளிவந்ததில் அனுப்பாத நிறம் ஒன்றும் இருந்தது! கோடியில் ஒரு துளி ஒளிதான் அப்படி மாறும். ஆனால் பொருளின் மூலக்கூறு எப்படி அதிர்கிறதோ, அதற்கேற்ப மாறும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கைரேகை! 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு வந்தது, கிருஷ்ணனுக்குப் பங்கில்லை. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது.

1960இல் லேசர் பிறந்த பிறகே அந்தக் கைரேகையை விரைந்து படிக்க முடிந்தது. இன்று ஆய்வுக்கூடங்களில் கிருமிக் கோட்டைமீது லேசரைப் பாய்ச்சி, பசையிலுள்ள சர்க்கரை எது, புரதம் எது, குடியிருக்கும் கிருமி எது என்று பிரித்தறிகிறார்கள். மங்கலான ஒளியை வெள்ளித் துகள் பெருக்கிக் காட்டும். ஆயினும் சதையும் சீழும் தாமே ஒளிர்ந்து ரேகையை மறைத்துவிடுகின்றன; சாதாரண மருத்துவமனைகளுக்கு இம்முறை இன்னும் வந்து சேரவில்லை. இராமன் பிடித்துப் பார்த்ததோ சட்டைப் பையில் அடங்கும் சிறு கருவி! சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அது நாகலூர்த் தொழிலாளியிடம் வரும் நாள் எது?

1933இல் பெங்களூர் சென்றவர், 1948இல் அங்கே தமக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். 1970 நவம்பர் 21இல் மறைந்தார். சடங்கு ஏதுமின்றி, அவர் விரும்பியபடியே, அந்த நிலையத் தோட்டத்திலேயே எரியூட்டினார்கள். அங்கே ஒரு மரம் நட்டார்கள்.