மானுக்கும் வன்னி மரத்துக்கும் காவல் வைத்த மகான்



இன்றைய பதிவில் வரும் மகான் முருக பக்தர் இல்லை. ராஜஸ்தான் பாலைவனத்தில் விஷ்ணு நாமம் சொன்னவர். மால் மருகனைக் கும்பிடற நமக்கு மாமனோட அடியாரும் சொந்தம்தானே! அதோட நம்ம வள்ளியம்மை மான் வயிற்றில் பிறந்தவள். மானைப் பெத்த பிள்ளை மாதிரி பார்க்கிற ஒரு ஜனத்தையே உருவாக்கியவரை நாம தெரிஞ்சுக்காம இருக்கலாமா?

அவர் பெயர் ஜம்பேஸ்வரர். அங்கே எல்லோரும் ஜாம்போஜி என்பார்கள். 1451ல், கிருஷ்ண ஜெயந்தி அன்று, நாகௌர் பக்கம் பீபாசர் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா லோஹட், அம்மா ஹன்சா. ராஜபுத்திரக் குடும்பம். ஏழு வயசு வரைக்கும் பேசவே இல்லையாம். அப்புறம் 27 வருஷம் மாடு மேய்த்தார் என்று சொல்கிறார்கள். எனக்கு இந்த 27 வருஷம்தான் முக்கியமா படுது. பாலைவனத்தில் மாடு மேய்க்கிறவனுக்கு எந்த மரம் கோடையிலும் பச்சையா நிக்கும், எங்கே தண்ணி தங்கும், எது போனா ஊரே போயிடும் என்பதெல்லாம் தெரிஞ்சாகணும். புத்தகம் படிச்சு வர்ற அறிவு இல்லை அது.

பெற்றவர்கள் காலமானதும் சொத்தைத் தானம் பண்ணிவிட்டு, சம்ராத்தல் என்ற மணல் மேட்டில் போய் உட்கார்ந்தார். அந்தச் சமயத்தில்தான் கொடிய பஞ்சம் வந்தது. மழை இல்லை, தீவனம் இல்லை. மாடுகள் செத்தன, ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தி, தானியம் கொடுத்துக் காப்பாற்றினார் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. 1485ல் அதே மேட்டில் தன்னை நம்பி வந்தவர்களுக்கு 29 நியமங்கள் கொடுத்தார். அவர்கள் மொழியில் பீஸ் என்றால் இருபது, நோய் என்றால் ஒன்பது. அதனால்தான் பிஷ்னோய் என்ற பெயர் வந்தது என்பார்கள்.

தினமும் குளி, விஷ்ணுவை நினை, அமாவாசை விரதம் இரு, புலால், மது, புகையிலை, அபின் தொடாதே. இது வரைக்கும் நமக்குத் தெரிஞ்சதுதான். மத்ததைப் பாருங்க. பச்சை மரத்தை வெட்டாதே. எல்லா உயிர் மேலும் இரக்கம் வை. தண்ணியை வடிகட்டிக் குடி. விறகை அடுப்பில் வைக்கிறதுக்கு முன்னாடி உதறிப் பார், அதில் பூச்சி இருக்கும். காளைக்கு விதையடிக்காதே.

நான் மென்பொருள் துறையில் இருப்பவன். ‘சிஸ்டம் நல்லா இருக்கணும்’னு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் எங்களால் ஒரு வேலையும் செய்ய முடியாது. என்ன செய்யணும், செஞ்சதை எப்படிச் சரிபார்க்கணும்னு இருக்கணும். ஜாம்போஜி இயற்கையை நேசி என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. விறகை உதறினாயா இல்லையா, அவ்வளவுதான். சமையல்கட்டில் இருக்கும் பாட்டிகூட கடைப்பிடிக்கலாம், பேத்திக்கும் சொல்லித் தரலாம். அதனால்தான் அது 500 வருஷம் தாண்டியும் நிக்குது என்பது என் எண்ணம். வடநாட்டு வழக்கத்துக்கு மாறா அவர்கள் இறந்தவர்களை எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். விறகு மிச்சம்!

பலோதி பக்கம் ஜாம்பா என்ற ஊரில் அவர் வெட்டிய குளம் இருக்கு, ஜாம்போலாவ். பங்குனி அமாவாசைத் திருவிழாவுக்கு வருபவர்கள் குளித்துவிட்டு மட்டும் போவதில்லை. குளத்து மண்ணை அள்ளிக் கரையில் கொட்டுகிறார்கள். அதுதான் புண்ணியம். தூர் வாருவதையே நேர்த்திக்கடன் ஆக்கிவிட்டார்கள்.

அந்த ஊரின் முக்கிய மரம் கேஜ்ரி. அது வேற ஒண்ணுமில்ல, நம்ம வன்னி மரம்தான். விருத்தாசலம் பழமலைநாதர் கோவில் தல விருட்சம். அதன் இலையைத்தான் விபசித்து முனிவர் திருப்பணி ஆட்களுக்குக் கூலியாகக் கொடுத்தார், உழைத்த அளவுக்கு அது பொன்னானது என்கிறது தல வரலாறு. பாலைவனத்தில் நிஜமாகவே அது பொன் இலைதான். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம், காய் மனுஷனுக்குக் கறி, அடியில் விதைத்த கம்பும் நல்லா விளையும்.

ஜாம்போஜி 1536ல் சமாதி ஆனார். அதற்கு 194 வருஷம் கழித்து, 1730ல், அவருடைய நியமத்துக்குப் பெரிய சோதனை வந்தது. ஜோத்பூர் மகாராஜா அபய் சிங்கின் கட்டட வேலைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டும். ஆட்கள் கோடாலியோடு கேஜட்லி கிராமத்துக்கு வந்தார்கள். அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றாள். அவளை வெட்டினார்கள். அவளுடைய மூன்று பெண்களும் அடுத்தடுத்து மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். சுற்று வட்டார ஊர்களிலிருந்து ஜனம் வந்துகொண்டே இருந்தது. மொத்தம் 363 பேர். விஷயம் தெரிந்ததும் ராஜா வெட்டுவதை நிறுத்தச் சொல்லி, பிஷ்னோய் ஊர்களில் இனி மரத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த 363 பேரில் ஒருத்தர்கூட ஜாம்போஜியை நேரில் பார்த்தவர் இல்லை. இதை எழுதும்போதே எனக்கு என்னவோ செய்யுது.

இப்பவும் விநாயகர் சதுர்த்தி முடிந்து ஆறாம் நாள், வளர்பிறை தசமியில், கேஜட்லியில் அவர்கள் நினைவாகக் கூடுகிறார்கள். தாயில்லாத மான்குட்டிக்குப் பிஷ்னோய்ப் பெண்கள் தங்கள் பாலையே கொடுத்து வளர்ப்பதும் உண்டு. 1998ல் பெரிய இந்தி நடிகர் ஒருவர் மேல் வெளிமான் வேட்டை வழக்கு வந்ததே, அதில் இருபது வருஷம் விடாமல் நின்றது இந்த ஜனங்கள்தான். சமீப வருஷங்களில் பிகானேர் பக்கம் சூரிய மின் நிலையங்களுக்காகக் கேஜ்ரி மரங்களை வெட்டுகிறார்கள். சூரிய மின்சாரம் நல்லதுதான், வேணும்தான். ஆனா அதுக்காக நூறு வருஷ வன்னியைச் சாய்க்கணுமா என்று கேட்டு மறியலில் உட்கார்ந்தார்கள்.

ஜாம்போஜியின் சமாதி முக்காம் என்ற ஊரில், பிகானேர் மாவட்டம் நோக்காவுக்குப் பக்கத்தில் இருக்கு. மாசி அமாவாசைக்கும் மகாளய அமாவாசைக்கும் பெரிய திருவிழா. வடக்கே யாத்திரை போகும் அன்பர்கள் முடிந்தால் ஒரு எட்டு போய் வாங்க. கையில் கொஞ்சம் தானியம் எடுத்துப் போங்க, அங்கே வருபவர்கள் பறவைகளுக்கென்று கொண்டு வந்து கொடுப்பது வழக்கம்.

ஓம் சரவணபவ.