ரோமாபுரி உழவன் கேட்டோ

கார்த்தேஜ் நகரை அழித்தே தீரவேண்டுமென்று ஓயாது கூறிய கிழவன் என்றே நேயர்களிற் பலர் மார்க்கஸ் போர்ஸியஸ் கேட்டோவை அறிவார்கள். நாம் இன்று சொல்லப் புகுவது அந்தக் கேட்டோவைப் பற்றியன்று. வயலில் இறங்கி உழைத்த கேட்டோவைப் பற்றியேயாம்.

கி.மு. 234-ல் டஸ்குலம் என்னும் ஊரிற் பிறந்த அவன், ஸபைனர் நாட்டில் தன் தந்தையின் நிலத்தில் வளர்ந்தான். 17-ம் வயதில் ஹானிபாலை எதிர்த்த யுத்தத்திற் சேர்ந்தான். போரில்லாத காலங்களில், காலையில் அண்டையூர்களுக்குச் சென்று தன்னை வேண்டியவர்களுக்காக நியாயஸ்தலத்தில் வாதாடுவான், கூலி பெறுவதில்லை. (வக்கீல் தொழில் செய்த நமக்கு இதை எழுதச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது.) பின்னர் வேலையாட்களோடு வயலில் உழைத்து, அவர்களோடு அமர்ந்து அதே ரொட்டியை உண்பான்.

அவன் நிலத்துக்கு அருகே ஒரு சிறு குடிசை இருந்தது. மும்முறை வெற்றி ஊர்வலம் கண்ட மானியஸ் கூரியஸ் ஒரு காலத்தில் அங்கே வசித்தான். ஸாம்னைட் தூதர்கள் பொன் கொண்டுவந்தபோது, அடுப்பில் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்த கூரியஸ் அதைத் தொடாமல் திருப்பியனுப்பினான். கேட்டோ அக்குடிசையை அடிக்கடி சென்று பார்ப்பான்; வீடு திரும்பியதும் தன் செலவை இன்னும் குறைப்பான்.

கி.மு. 195-ல் கான்ஸல் ஆனான். ஸ்பெயினிலிருந்து மீளுங்கால், கப்பற்கூலி ராஜ்யத்தைச் சாருமென்று தன் போர்க்குதிரையை அங்கேயே விட்டுவந்தான். கி.மு. 184-ல் ஸென்ஸராகி, ஆடம்பர ஆடைக்கும் நகைக்கும் வண்டிக்கும் பன்மடங்கு மதிப்பிட்டு வரி விதித்தான்.

உழவைப் பற்றி அவன் எழுதிய நூலே, லத்தீன் உரைநடையில் முழுமையாய் நமக்குக் கிட்டியவற்றுள் மிகப் பழையது. திருடனுக்கு இரட்டிப்பும் வட்டி வாங்குவோனுக்கு நான்கு மடங்கும் முன்னோர் தண்டம் விதித்ததை அதன் முகப்பிலேயே புகழ்கிறான். உள்ளே புகுந்தாலோ வேறு காட்சி! 240 யூகெரம் ஒலிவத் தோட்டத்துக்கு 13 ஆட்கள் என்று கணக்கிடுகிறான். எஜமானன் பட்டணவாசி, வந்தபோது காரியஸ்தனிடம் கணக்குக் கேட்பவன். கிழ எருதோடு கிழ அடிமையையும் விற்றுவிடச் சொல்கிறான். வேலையாட்களோடு ஒரே ரொட்டியை உண்டவன் எழுதியது இது!

பிற்காலத்தில் உழவு ஆதாயமற்ற பொழுதுபோக்கென்று கருதி, குளங்களும் வெந்நீர் ஊற்றுகளும் மேய்ச்சல் நிலங்களும் வாங்கினான். கப்பல்களின்மேற் கடன் கொடுத்தான். 50 பேரைக் கூட்டுச் சேர்த்து, 50 கப்பல்களில், தான் விடுதலை செய்த குவின்டியோ என்னும் அடிமையின் மூலம் தனக்கும் ஒரு பங்கு வைத்துக்கொண்டான்.

போகம் அவனைக் கெடுத்ததென்று யாரும் சொல்லார். அவனைக் கெடுத்தது சிக்கனமே என்பது நமது அபிப்பிராயம். ஒரு காசையும் வீணாக்காதவன், காலக்கிரமத்தில் மண்ணையும் மனிதரையும் காசாகவே எண்ணத் தொடங்கினான்.

கி.மு. 149-ல், 85-ம் வயதில் கேட்டோ இறந்தான். 12 ஆண்டுகள் கழித்து திபேரியஸ் கிராக்கஸ் எத்ரூரியா வழியே படையோடு சென்றான். வழிநெடுகச் சுதந்தர உழவரைக் காணோம். உழுவோரும் மேய்ப்போரும் அந்நிய தேசத்து அடிமைகளாகவே இருந்தனரென்று அவன் தம்பி எழுதிவைத்தான்.