தொழிலைக் கேட்ட டாக்டர்

இத்தாலி தேசத்தில் மொடீனா என்று ஒரு நகரம் உண்டு. 300 ஆண்டுகளுக்கு முன் அது சிறிய ஊர். ஆனால் ஜனநெருக்கம் அதிகம். வீடுகள் உயரமாக, ஒன்றை ஒன்று நெருக்கிக் கொண்டு நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மலக்குழி இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கூலி ஆட்களை வைத்து அதைச் சுத்தம் செய்வது அங்கே வழக்கம்.

ஒரு நாள் அந்த ஊர் டாக்டர் ஒருவரின் வீட்டில் இந்த வேலை நடந்தது. குழிக்குள் ஒரு தொழிலாளி இறங்கி இருந்தான். அவன் மூச்சு விடாமல் வேலை செய்தான். யாரோ துரத்துவது போல அவ்வளவு அவசரம்!

டாக்டர் அதைப் பார்த்தார். அவருக்கு இரக்கம் உண்டாயிற்று. குழியின் அருகே போய், ஏன் இப்படி உடம்பை வருத்திக் கொள்ள வேண்டும், மெதுவாகச் செய்யக் கூடாதா என்று கேட்டார்.

குழிக்குள் இருந்தவன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். அந்தக் குழியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்று சொன்னான். அனுபவித்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும் என்றும் சொன்னான்.

அவன் மேலே ஏறி வந்ததும் டாக்டர் அவன் கண்களைச் சோதித்தார். இரண்டு கண்களும் இரத்தம் போலச் சிவந்திருந்தன. பார்வையும் மங்கி இருந்தது.

அந்த டாக்டரின் பெயர் பெர்னார்டினோ ராமஸினி. அன்று அந்தக் குழியின் ஓரத்தில் அவர் கேட்ட கேள்வி, வைத்திய உலகத்தையே வேறு பாதையில் திருப்பியது.

கண்ணுக்கு வந்த ஆபத்து

ராமஸினி அத்துடன் விடவில்லை. கண் வலிக்கு என்ன மருந்து போடுகிறாய் என்று விசாரித்தார். மருந்து எதுவும் இல்லை. வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவார்கள். ஓர் இருட்டு அறையில் கதவை அடைத்துக் கொள்வார்கள். மறுநாள் வரையில் வெளிச்சத்துக்கே வரமாட்டார்கள். அவ்வப்போது வெதுவெதுப்பான தண்ணீரால் கண்களைக் கழுவிக் கொள்வார்கள். அவர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

தொண்டை எரிகிறதா, மூச்சுத் திணறுகிறதா, தலை வலிக்கிறதா என்றும் ராமஸினி கேட்டார். அவை ஒன்றும் இல்லை. கண்தான் கெடுகிறது. இந்த வேலையை விடாமல் செய்தவர்கள் பலர் குருடாகி விட்டார்கள்.

ராமஸினிக்கு அப்போது ஓர் உண்மை விளங்கியது. மொடீனா தெருக்களில் பிச்சை எடுத்துத் திரிந்த குருடர்கள் சிலரை அவர் பார்த்திருக்கிறார். அவர்களும் ஒரு காலத்தில் இதே குழிகளில் இறங்கியவர்கள்! ஊரைச் சுத்தம் செய்ததற்கு அவர்களுக்குக் கிடைத்த பரிசு அது.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். அந்தத் தொழிலாளிகளின் பையில் உள்ள செம்புக் காசும் வெள்ளிக் காசும் கறுத்துப் போய் இருந்தன. குழியில் இருந்து ஏதோ ஒரு கெட்ட ஆவி கிளம்புகிறது, அதுதான் காசையும் கறுக்க வைக்கிறது, கண்ணையும் கெடுக்கிறது என்று அவர் நினைத்தார்.

அவர் நினைத்தது சரிதான். மலக்குழியில் அழுகிய முட்டை நாற்றத்துடன் ஒரு வாயு உண்டாகிறது. ஹைட்ரஜன் சல்பைடு என்று அதற்குப் பெயர். அது கண்ணை எரிக்கும். உலோகத்தைக் கறுக்க வைக்கும். அதிகமானால் ஆளையே கொன்றுவிடும். ராமஸினி காலத்தில் அந்த வாயுவின் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் அதன் வேலையை அவர் கண்டுகொண்டார்.

ஒளி புகும் மெல்லிய தோல் பையை முகத்தில் மூடிக்கொண்டு வேலை செய்யும்படி அவர் யோசனை சொன்னார். கொஞ்ச நேரம் மட்டுமே குழிக்குள் இருக்க வேண்டும், கண் பலவீனமானவர்கள் இந்தத் தொழிலை விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்.

இளமைக் காலம்

ராமஸினி 1633-ம் ஆண்டில், மொடீனாவுக்குப் பக்கத்தில் உள்ள கார்ப்பி என்ற ஊரில் பிறந்தார். பார்மா நகரத்துச் சர்வகலாசாலையில் படித்தார். 1659-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அதன் பிறகு ரோமாபுரிக்குப் போனார். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் கனீனோ, மார்ட்டா என்ற இரண்டு சிற்றூர்களுக்கு வைத்தியராக நியமிக்கப்பட்டார். அது மலேரியா ஜுரம் உள்ள பிரதேசம். நோயாளிகளைக் காப்பாற்றப் போன வைத்தியரையே ஜுரம் பிடித்துக் கொண்டது. உடம்பு இளைத்து, காமாலை கண்டு, அவர் சொந்த ஊருக்குத் திரும்பினார்.

ஒரு மனிதன் வாழும் இடமே அவனுக்கு நோயைக் கொடுக்கும் என்பதை அவர் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. தம் உடம்பிலேயே அனுபவித்தார்.

உடம்பு தேறியதும் கார்ப்பியில் வைத்தியம் பார்த்தார். 1671-ல் மொடீனாவுக்குக் குடியேறினார். 1682-ல் அந்த ஊர்ச் சர்வகலாசாலையில் அவர் வைத்தியப் பேராசிரியர் ஆனார்.

1690-ல் மொடீனாவைச் சுற்றி உள்ள கிராமங்களில் மழை கொட்டியது. வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. பயிரைத் துரு நோய் தாக்கியது. பிறகு ஜுரம் பரவியது. நகரத்தாரை விடக் குடியானவர்களே அதிகம் துன்பப்பட்டார்கள். ராமஸினி வானத்தையும், வயலையும், நோயாளியையும் சேர்த்துப் பார்த்தார். நடந்ததை எல்லாம் எழுதி வைத்தார்.

பட்டறை பட்டறையாக

மலக்குழி ஆளைக் கண்ட பிறகு ராமஸினிக்கு ஓர் ஆவல் பிறந்தது. மற்றத் தொழிலாளிகளின் கதி என்ன?

அந்தக் காலத்தில் பெரிய டாக்டர்கள் பிரபுக்களின் மாளிகைக்குத்தான் போவார்கள். ராமஸினியோ பட்டறைகளுக்குப் போனார். புகையும் தூசியும் நிறைந்த இடங்களில் நின்றார். கொல்லன், குயவன், கல்தச்சன், ரொட்டிக்காரன், சலவைக்காரி எல்லாரிடமும் பேசினார். என்ன பொருளைக் கையாளுகிறார்கள், எப்படி உட்காருகிறார்கள், எத்தனை நேரம் நிற்கிறார்கள் என்று கவனித்தார்.

குயவர்கள் பாத்திரத்துக்குப் பளபளப்பு ஏற்ற ஈயத்தை நீற்றி, அரைத்துப் பூசுவார்கள். அந்த ஈயம் அவர்கள் உடம்பில் ஏறிவிடும். முதலில் கை நடுங்கும். பிறகு கை விழுந்துவிடும். பல் கொட்டிவிடும். முகமே ஈய நிறமாகி, பிணம் போலத் தோன்றும்.

தங்க முலாம் பூசுகிறவர்கள் தங்கத்தைப் பாதரசத்துடன் கலந்து பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகப் போய்விடும். தங்கம் தங்கிவிடும். ஆனால் அந்த ஆவி எங்கே போகிறது? வேலை செய்பவனின் மூக்குக்குள் போகிறது. முகத்தை எவ்வளவு திருப்பிக் கொண்டாலும் அவன் தப்ப முடியாது. அவர்களில் கிழவர் ஆகிறவர்கள் மிகவும் குறைவு.

வெனிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் முரானோ என்ற தீவு உண்டு. அங்கே கண்ணாடிக்கு ரசம் பூசுகிறவர்களுக்கும் இதே கதிதான். உலகத்தார் அழகு பார்க்கக் கண்ணாடி செய்பவர்கள், தாம் செய்த கண்ணாடியில் தம் வாடிய முகத்தையே பார்க்க வேண்டி இருந்தது.

வெனிஸில் செம்புப் பாத்திரம் அடிக்கிறவர்கள் எல்லாரும் ஒரே பேட்டையில் இருந்தார்கள். காலை முதல் மாலை வரையில் சுத்தியல் சத்தம். அந்தப் பேட்டையில் வேறு யாரும் குடி இருக்க முடியாது. வயதான தொழிலாளிகளுக்குக் காது அடியோடு கேட்காது.

கல்தச்சர்கள் கல்தூசியைச் சுவாசித்து இருமினார்கள். தானியம் புடைக்கிறவர்களும் மாவு சலிக்கிறவர்களும் மூச்சு இரைத்தார்கள். தையற்காரர்கள் குனிந்து குனிந்து கூன் விழுந்தார்கள்.

உட்கார்ந்து வேலை செய்கிறவர்களையும் ராமஸினி விடவில்லை. பத்திரம் எழுதும் ஒருவர் நாள் முழுவதும் எழுதுவார். அவருடைய வலது கை பலம் இழந்தது. எந்த மருந்துக்கும் அது கேட்கவில்லை. பிழைப்பு நடக்க வேண்டுமே! அவர் இடது கையால் எழுதப் பழகினார். சில நாளில் இடது கையும் அதே போல ஆகிவிட்டது.

புகை மீது ஒரு வழக்கு

தொழிற்சாலைக்கு உள்ளே இருப்பவர்களுக்குத்தான் ஆபத்தா? பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இல்லையா? இதற்கும் ராமஸினி ஒரு சம்பவத்தைக் கண்டார்.

மொடீனா ராஜ்யத்தில் பினாலே என்று ஓர் ஊர். அங்கே மொடீனா வியாபாரி ஒருவர் பெரிய தொழிற்சாலை வைத்திருந்தார். சவ்வீரம் என்ற பாதரச உப்பு அங்கே தயார் ஆயிற்று. அதற்காக அன்னபேதி போன்ற உப்பை உலையில் வறுப்பார்கள். அப்போது எழும் புகை ஊரைச் சூழ்ந்து கொள்ளும்.

அந்த ஊர்வாசி ஒருவர் வழக்குத் தொடுத்தார். தொழிற்சாலையை ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அவர் சும்மா வழக்காடவில்லை. மாதா கோயிலில் உள்ள மரணக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். மற்றப் பகுதிகளை விடத் தொழிற்சாலைக்கு அருகில் ஆண்டுதோறும் அதிகம் பேர் இறந்திருந்தார்கள். மார்பு நோயாலும் உடல் இளைக்கும் நோயாலும் அவர்கள் இறந்ததாக அந்த ஊர் டாக்டர் சாட்சி சொன்னார்.

வியாபாரியின் பக்கமும் ஒரு டாக்டர் பேசினார். இரண்டு கட்சியும் மாறி மாறி அறிக்கைகளை அச்சிட்டு வெளியிட்டன. முடிவில் வியாபாரிக்கு வெற்றி. புகை குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு ஆயிற்று.

ராமஸினி இந்த வழக்கைத் தம் நூலில் எழுதினார். தீர்ப்பு சரியா, தவறா என்பதை இயற்கையை ஆராய்ந்தவர்கள் முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் மரணக் கணக்கை மறக்காமல் எழுதி வைத்தார். நியாயம் எந்தப் பக்கம் என்று படிப்பவர்களுக்குத் தெரியாதா?

முதல் புத்தகம்

1700-ம் ஆண்டில் அவருடைய நூல் மொடீனாவில் வெளிவந்தது. தொழிலாளிகளின் நோய்களைப் பற்றிய நூல் அது. லத்தீன் மொழியில் எழுதப்பட்டது. 40-க்கு மேற்பட்ட தொழில்களைப் பற்றி அதில் சொல்லி இருந்தார். ஒரு தொழிலுக்கு ஒரு நோய் என்று முன்பும் சிலர் எழுதியது உண்டு. ஆனால் எல்லாத் தொழிலாளிகளையும் ஒன்றாகச் சேர்த்து எழுதிய முதல் நூல் இதுதான்.

அந்த நூலில் அவர் டாக்டர்களுக்கு ஒரு புத்திமதி சொன்னார். ஏழைத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனால், தங்க நாற்காலி இல்லையே என்று பார்க்கக் கூடாது. முக்காலி கிடைத்தாலும் அதில் உட்கார வேண்டும். அவசரப்படாமல் நோயாளியைக் கேட்டு அறிய வேண்டும்.

நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று கிரேக்க நாட்டு வைத்திய மேதை ஹிப்போகிரட்டீஸ் முன்பே சொல்லி இருந்தார். அதனுடன் இன்னும் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்றார் ராமஸினி. நோயாளி என்ன தொழில் செய்கிறான் என்பதே அந்தக் கேள்வி.

மருந்தை விட, நோய் வராமல் தடுப்பதையே அவர் பெரிதாக நினைத்தார். வேலை செய்யும் இடத்தில் நல்ல காற்று வர வேண்டும். தூசி உள்ள இடத்தில் வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் கைகால் முகம் கழுவ வேண்டும். நின்று வேலை செய்பவர் நடுவில் உட்கார வேண்டும். உட்கார்ந்து வேலை செய்பவர் எழுந்து நடக்க வேண்டும். இவை அவர் சொன்ன வழிகள். காசு செலவில்லாத வழிகள்!

கண் இழந்த டாக்டர்

அதே 1700-ல் பாதுவா சர்வகலாசாலை அவரை அழைத்தது. அது ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்ற கல்விக்கூடம். ராமஸினிக்கு அப்போது வயது 67. மற்றவர்கள் ஓய்வு எடுக்கும் வயதில் அவர் புதிய ஊருக்குப் புறப்பட்டார்.

அங்கே அவர் உடல்நலம் கெட்டது. தலைவலியும் படபடப்பும் வந்தன. பிறகு, கொடுமையிலும் கொடுமையாக, கண் பார்வை போயிற்று. குழியில் இறங்கியவனின் கண்ணுக்காக இரங்கியவர், தம் கண்ணையும் இழந்தார்.

ஆனாலும் அவர் பாடம் சொல்வதை நிறுத்தவில்லை. 1713-ல் தம் நூலின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டார். மேலும் பல தொழில்களைச் சேர்த்தார். மொத்தம் 50-ஐத் தாண்டியது.

1714-ம் ஆண்டு நவம்பர் 5-ந் தேதி. மாணவர்களுக்குப் பாடம் நடத்தப் புறப்பட்டுக் கொண்டிருந்தபோது மூளையில் இரத்தம் தாக்கி, ராமஸினி காலமானார். அவருக்கு அப்போது வயது 81.

அவர் கேள்வி சாகவில்லை

அவர் நூல் 1705-லேயே இங்கிலீஷில் வந்துவிட்டது. 1775-ல் லண்டன் டாக்டர் பெர்சிவல் பாட் என்பவர், புகைபோக்கி துடைப்பவர்களுக்குக் கரியால் புற்றுநோய் வருவதைக் கண்டுபிடித்தார். அவரும் கேட்டது அதே கேள்விதான். கல்தூசியால் வரும் மார்பு நோய்க்குப் பிற்காலத்தில் சிலிக்கோசிஸ் என்று பெயர் வந்தது. தொழிலாளிகளின் பாதுகாப்புக்குப் பல நாடுகள் சட்டம் செய்தன.

1982-ல் ராமஸினியின் பெயரால் ஒரு விஞ்ஞானிகள் சங்கம் ஏற்பட்டது. அதன் தலைமை இடம் அவர் பிறந்த கார்ப்பி ஊர். கல்நாரை உலகம் முழுவதும் தடை செய்ய வேண்டும் என்று 1999-ல் அந்தச் சங்கம் கோரியது.

உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போகிறோம். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று அவர் கேட்பார். அப்போது, நாம் என்ன வேலை செய்கிறோம், எந்தத் தூசியில் நிற்கிறோம், எந்தப் புகையைச் சுவாசிக்கிறோம் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்.

மலக்குழியில் நின்ற அந்தக் கூலித் தொழிலாளியின் பெயர் சரித்திரத்தில் இல்லை. ஆனால் அவன் சொன்ன பதில் ஒரு புதிய வைத்திய சாஸ்திரத்துக்கே வித்து ஆயிற்று. அந்தப் பதிலைக் காது கொடுத்துக் கேட்டதுதான் ராமஸினியின் பெருமை.